ஜெர்சி உபயம் வேறு, ஸ்பான்சர் வேறு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரோடு பக்கத்துத் தம்பி ஒருவர் 400 மீட்டர் ஓடுகிறார், மாநிலப் போட்டியில் ஒரு வெண்கலம் இருக்கிறது, இன்ஸ்டாகிராமில் 3,200 பேர் பின்தொடர்கிறார்கள். அவருடைய நண்பர் ராப் பாடுகிறார், கல்லூரி விழாக்களில் மேடை ஏறுகிறார். இருவரும் சேர்ந்து 40 துணி பிராண்டுகளுக்கு மெயில் போட்டிருக்கிறார்கள். ஒரு பதில்கூட இல்லை. உள்ளே ஆள் தெரிந்தால்தான் ஸ்பான்சர் கிடைக்குமா, இல்லை நாங்கள் ஏதாவது தப்பாகச் செய்கிறோமா என்று கேட்டிருக்கிறார்.

ஆள் தெரிந்தால் கதவு கொஞ்சம் சீக்கிரம் திறக்கும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் தம்பி, நான் திருப்பூரில் ஒரு சின்ன விளையாட்டு உடை கம்பெனியில் 11 வருடமாக விற்பனையும் விளம்பரமும் சேர்த்துப் பார்க்கிறவன், நீங்கள் அனுப்பியது மாதிரி மெயில் எனக்கு வாரத்துக்கு ஐந்தாறு வருகிறது, எல்லாம் ஒரே அச்சு. சிறு வயது முதலே விளையாட்டில் ஆர்வம், குடும்பச் சூழ்நிலை, வாங்கிய மெடல்களின் பட்டியல், சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஒரு பிடிஎஃப், கடைசியில் "தங்கள் மேலான ஆதரவை எதிர்நோக்கும்". படித்தால் மனசு கஷ்டப்படும். கஷ்டப்பட்டுவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவேன். அந்த மெயிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எங்கேயும் இருக்காது.

நம் ஊர் கபடி டோர்னமென்ட் பேனரில் பார்த்திருப்பீர்கள், "ஜெர்சி உபயம்" என்று போட்டுக் கீழே ஒரு மளிகைக் கடைக்காரர் பெயரோ ரியல் எஸ்டேட்காரர் பெயரோ இருக்கும். கோயில் டியூப்லைட்டில் பெயர் எழுதுகிற மாதிரிதான். கொடுப்பவருக்கு ஊரில் ஒரு மரியாதை, பையன்களுக்கு ஒரு செட் ஜெர்சி, கணக்கு அங்கேயே முடிந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஸ்பான்சர் என்றாலும் இதைத்தான் நினைக்கிறார்கள், அதனால் உபயதாரரிடம் பேசுகிற மாதிரியே பிராண்டிடமும் பேசுகிறார்கள். பிராண்ட் உபயம் செய்வதில்லை, சரக்கு வாங்குகிறது. நீங்கள் விற்பது என்ன சரக்கு என்று உங்களுக்கே தெரியாதபோது எதிரில் இருப்பவன் எப்படி விலை போடுவான்?

எங்களை மாதிரிச் சின்ன பிராண்டுக்கு முதல் தேவை போட்டோ. மாடலை வைத்து ஒரு நாள் ஷூட் என்றால் மாடல், போட்டோகிராபர், மேக்கப், வண்டி, சாப்பாடு என்று 40,000 ரூபாய் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். வருகிற படத்தில் அந்த மாடல் ஓட்டம் தொடங்கக் கால் ஊன்றுகிற ஸ்டார்ட்டிங் பிளாக்கில் காலை மாற்றி வைத்திருப்பார், ஓட்டம் தெரிந்தவன் எவன் பார்த்தாலும் சிரிப்பான். நீங்கள் தினமும் காலை 6 மணிக்கு நல்ல வெளிச்சத்தில் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். மாதம் 15 நல்ல படம், இரண்டு மூன்று சின்ன வீடியோ, அவற்றை எங்கள் வெப்சைட்டில் பயன்படுத்த அனுமதி என்று ஒருவர் எழுதினால் நான் கால்குலேட்டரை எடுப்பேன்.

இரண்டாவது, உங்களை யார் பார்க்கிறார்கள் என்பது. 3,200 என்ற எண்ணைப் பார்த்து நீங்களே கூச்சப்படுகிறீர்கள், ஆனால் எண்ணிக்கையை விட ஆட்கள் யார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அதில் 50 பேர் ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்துப் பி.டி. மாஸ்டர்களாக இருந்தால் போதும். ஒரு பி.டி. மாஸ்டர் ஸ்கூல் டீமுக்கு ஒரே தடவையில் 60 செட் ஆர்டர் போடுவார். லட்சம் பேர் பின்தொடர்கிற டான்ஸ் ரீல்ஸ் பக்கத்திலிருந்து எங்களுக்கு ஒரு வருடத்தில் 60 செட் போனதில்லை. உங்கள் பக்கத்தின் இன்சைட்ஸில் எந்த ஊர், எந்த வயது என்று வருமே, அந்த ஸ்கிரீன்ஷாட்டை இந்த 40 மெயிலில் ஒன்றிலாவது வைத்தீர்களா?

மூன்றாவது சரக்கைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை: போட்டுப் பார்த்துச் சொல்வது. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

பெரிய பிராண்ட் கதைகளைப் படித்துத்தான் நம் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். 2021 மே மாதம் ஜிம்பாப்வே கிரிக்கெட் வீரர் ரயன் பர்ல், பசை போட்டு ஒட்டிய தன் ஷூவைப் படம் எடுத்து, எங்களுக்கு ஒரு ஸ்பான்சர் கிடைக்குமா என்று ட்விட்டரில் போட்டார். ஒரே நாளில் பூமா பதில் சொல்லி அவரைச் சேர்த்துக்கொண்டது. அதற்கப்புறம் எனக்கே கிழிந்த ஷூ போட்டோ நாலைந்து வந்தது. பர்ல் ஒரு சர்வதேச வீரர், அந்தப் படம் அதற்குள் உலகம் பூராவும் சுற்றிவிட்டது, சில ஜோடி ஷூவில் பூமா அந்தச் சுற்றலை வாங்கிக்கொண்டது. கிழிந்த ஷூவுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

உங்கள் 400 மீட்டரிலேயே ஒரு கதை இருக்கிறது. அஸ்ஸாமின் ஹிமா தாஸ், ஆரம்பத்தில் அப்பா வாங்கிக் கொடுத்த சாதாரண ஸ்பைக்ஸில், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூவில், அடிடாஸ் என்று தன் கையால் எழுதிப் போட்டுக்கொண்டு ஓடியதாக அவரே சொல்லியிருக்கிறார். 2018 ஜூலையில் ஃபின்லாந்தின் தாம்பரே நகரில் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் தங்கம். அதே வருடம் அடிடாஸ் அவரை ஒப்பந்தம் செய்து, அவர் பெயரையே ஷூவில் பொறித்துக் கொடுத்தது. கேட்க அருமையான கதைதான், ஆனால் வரிசையைக் கவனியுங்கள். உலகத் தங்கம் முன்னால், அடிடாஸ் பின்னால். 2017ல் கோலிக்குப் பூமா 8 வருடத்துக்கு 110 கோடி, 2019ல் சிந்துவுக்கு லி நிங் 4 வருடத்துக்கு 50 கோடி என்று செய்தி வந்ததே, அதெல்லாம் ஏஜென்சிகள் உட்கார்ந்து பேசி முடிக்கிற வியாபாரம். அந்த பிராண்டுகளின் இன்ஃபோ மெயிலுக்கு மாநில வெண்கலத்தை அனுப்புவது கிணற்றில் கல் போடுகிற கதைதான்.

அப்போது யாரிடம் போவது? முதலில், யாரிடம் போகக் கூடாது என்று சொல்கிறேன். திருப்பூர் என்றதும் பெரிய பெரிய ஏற்றுமதி கம்பெனிகளுக்கு மெயில் போடுகிறார்கள். அவர்கள் தைப்பது வெளிநாட்டுக்காரனுடைய லேபிளை ஒட்டி அனுப்புவதற்கு. 2,000 பேர் வேலை செய்யும் கம்பெனியாக இருக்கும், உள்ளூரில் விற்க ஒரு டி-ஷர்ட்கூட இருக்காது. அவர்களுக்கு நீங்கள் எதற்கு? சொந்த பெயரில் விற்கிறவனைத் தேடுங்கள். ஆன்லைனில் மட்டும் ஜிம் உடை விற்கிற சின்ன பிராண்டுகள், ஸ்கூல் காலேஜ் டீம்களுக்குச் சப்ளிமேஷன் பிரிண்டில் (சூட்டில் சாயத்தைத் துணிக்குள் ஏற்றுகிற முறை) ஜெர்சி அடித்துக் கொடுப்பவர்கள், உங்கள் ஊர் ஸ்போர்ட்ஸ் கடை. முதலாளியே வாட்ஸ்ஆப்பில் பதில் சொல்கிற அளவு கம்பெனிதான் உங்களுக்குச் சரியான அளவு. நேரமும் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, கட்டிங் டேபிளில்தான் சாப்பாடு, அப்போது வருகிற மெயிலை யாரும் திறக்கக்கூட மாட்டோம். பொங்கல் முடிந்து மார்ச் வரை நல்ல சமயம், அடுத்த ஸ்கூல் சீசனுக்கு எதை எப்படி விற்பது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம்.

40 பேருக்கு ஒரே மெயில் வேண்டாம், 5 பேருக்கு 5 மெயில் போடுங்கள். பத்து வரி போதும். இப்படி இருந்தால் நான் பதில் போடுவேன்: "அண்ணா, நான் 400 மீட்டர் ஓடுகிறேன், போன வருடம் மாநிலத்தில் மூன்றாவது. உங்கள் ரன்னிங் ஷார்ட்ஸை ஆறு மாதமாகக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறேன், படம் இணைத்திருக்கிறேன். வரும் ஜூன் முதல் டிசம்பர் வரை எனக்கு 7 தடகள மீட் இருக்கிறது, ஊரும் தேதியும் கீழே. பயிற்சி நேரத்தில் உங்கள் உடையில் மாதம் 15 படம், 2 வீடியோ தருகிறேன், நீங்கள் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது 6 டி-ஷர்ட், 4 ஷார்ட்ஸ், மூன்று மீட்டுக்குப் போக்குவரத்துச் செலவு. சைஸ் எம்." அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம் அதில் இல்லை, கேட்பது எவ்வளவு என்று முதலாளிக்கு ஒரு நிமிடத்தில் கணக்கு வந்துவிடும்.

பயிற்சி நேரத்தில் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். போட்டி நேரத்தில் நீங்கள் போடுகிற உடுப்பு பெரும்பாலும் உங்களுடையது இல்லை. பல்கலைக்கழக மீட் என்றால் பல்கலைக்கழக ஜெர்சி, தேசியப் போட்டி என்றால் தமிழ்நாடு ஜெர்சி, அதன் மேல் யார் லோகோ வரலாம் என்பதைச் சங்கமோ நடத்துபவர்களோ முடிவு செய்வார்கள். ஒலிம்பிக்கில் தயாரிப்பாளர் அடையாளம் எத்தனை சதுர சென்டிமீட்டர் இருக்கலாம் என்பதுவரை விதி இருக்கிறது. அமெரிக்காவின் 800 மீட்டர் ஓட்டக்காரர் நிக் சிமன்ட்ஸுக்கு ப்ரூக்ஸ் என்ற ஷூ கம்பெனி ஸ்பான்சர், அமெரிக்க அணிக்கோ நைக்கி. அணி நிகழ்ச்சிகளில் நைக்கி உடைதான் போட வேண்டும் என்ற தாளில் கையெழுத்துப் போட மறுத்ததால் 2015 பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப் அணியில் அவருக்கு இடம் போய்விட்டது. அதே ஆள் 2012ல் தன் தோள்பட்டையையே விளம்பர இடமாக ஈபேயில் ஏலம் விட்டார், 11,100 டாலருக்குப் போனது, முக்கியப் போட்டிகளில் அதன்மேல் டேப் ஒட்டி மறைக்க வேண்டியிருந்தது. ஆகவே பைனலில் உங்கள் லோகோவோடு ஓடுவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு முடியாமல் போனால் தப்பு உங்கள் தலையில்.

இப்போது ராப் பாடுகிற நண்பருக்கு. மேடையில் என்ன போடுவது என்பது அவர் கையில்தான் இருக்கிறது, அந்த வகையில் அவருக்கு வசதி. நியூயார்க்கின் ரன் டிஎம்சி குழு 1986ல் என்ன செய்தார்கள் என்று பார்க்கட்டும். அவர்கள் ஏற்கெனவே அடிடாஸ் ஷூதான் போடுவார்கள், அதைப் பற்றிப் பாட்டே வைத்திருந்தார்கள். அந்தக் கோடையில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கச்சேரிக்கு அடிடாஸ் ஆட்கள் வந்திருக்க, கூட்டத்தைப் பார்த்து ஷூவைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள், ஆயிரக்கணக்கில் ஷூக்கள் மேலே போயின. பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று பேசப்பட்டது அதற்குப் பின்னால்தான். உங்கள் நண்பருக்கு ஸ்டேடியம் வேண்டாம், அடுத்த காலேஜ் ஷோவில் 400 பேர் முன்னால் அந்த டி-ஷர்ட்டோடு பாடி, முடிந்ததும் எங்கே வாங்கினாய் என்று 10 பேர் கேட்டால், அந்த மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பட்டும். மெடல் பட்டியலை விட அது பேசும். ஒன்று கவனம், மேடைக்கு என்று டிசைனர்கள் கொடுப்பது பல சமயம் இரவல்தான், போட்டுவிட்டுத் திருப்பித் தர வேண்டும். முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நாலு நாள் கழித்துக் கறை படிந்த ஜாக்கெட்டுக்கு பில் வந்தால் நட்பு போய்விடும்.

படம் வரைகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு ஒரு வரி. உங்கள் டிசைனை பிராண்ட் டி-ஷர்ட்டில் அடிக்கிறது என்றால் அது ஸ்பான்சர் இல்லை, காப்புரிமை (காப்பிரைட்) வியாபாரம். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் நம் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி 5 வருடம் என்று எடுத்துக்கொள்வார்கள், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஆனால் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று ஒரு வரியைச் சேர்த்து நீட்டுவார்கள், 3,000 ரூபாய்க்கு அதில் கையெழுத்துப் போட்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன். விற்கிற ஒவ்வொரு டி-ஷர்ட்டுக்கும் இவ்வளவு என்று கேளுங்கள், இல்லையென்றால் உரிமையை எழுதிக் கொடுக்காமல் இத்தனை மாதத்துக்கு அடித்துக்கொள்ளலாம் என்று அனுமதி மட்டும் கொடுங்கள்.

படிக்கட்டு எப்படி ஏறும் என்றும் தெரிந்திருக்கட்டும். ஸ்கேட்போர்டு உலகத்தில் இதற்கு வழக்கமான வரிசையே இருக்கிறது: முதலில் உள்ளூர் கடை, அப்புறம் ஃப்ளோ என்பார்கள், அதாவது சும்மா பொருள் மட்டும் வரும், பணம் கிடையாது, அப்புறம் அமெச்சூர் டீம், கடைசியில்தான் சம்பளமும் சொந்தப் பெயரில் ஒரு போர்டும். மற்ற விளையாட்டிலும் கிட்டத்தட்ட இதுதான். முதல் வருடம் உடை மட்டும் என்றால் அவமானப்படத் தேவையில்லை. ஆனால் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழாதீர்கள். "எங்கள் அம்பாசடராக உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், 30 சதவீதத் தள்ளுபடியில் மூன்று டி-ஷர்ட் வாங்கி டேக் செய்யுங்கள்" என்று ஒரு மெசேஜ் வரும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வாலிபால் ஆடுகிறவள், இப்படி ஒரு பிராண்டுக்கு 2,700 ரூபாய் கட்டிவிட்டு ஸ்பான்சர் கிடைத்தது என்று லட்டு கொடுத்தாள். காசு உங்கள் பக்கத்திலிருந்து போனால் நீங்கள் வாடிக்கையாளர். வாடிக்கையாளர்தான்.

ஒப்பந்தம் என்று தாள் வந்தால் நாலு இடத்தில் நிதானமாகப் படியுங்கள். வேறு எந்த பிராண்டையும் போடக் கூடாது என்ற வரி எதுவரை போகிறது? உடை கொடுப்பவன் ஷூவையும் வாட்ச்சையும் சேர்த்துப் பூட்டியிருப்பான், அந்த இரண்டையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் படத்தை ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம்? எழுதாவிட்டால் நீங்கள் வேறு பிராண்டுக்குப் போனபிறகும் பழைய போஸ்டர் தொங்கும். காயம் பட்டால் என்ன? உலகத்தின் பெரிய ஓட்டக்காரிகளில் ஒருவரான அலிசன் ஃபெலிக்ஸ், தான் தாயான காலத்தில் நடந்த ஒப்பந்தப் பேச்சில் நைக்கி 70 சதவீதம் குறைத்துத் தர முன்வந்ததாக 2019ல் வெளிப்படையாக எழுதினார், அது பெரிய விவகாரம் ஆகி நைக்கி தன் விதிகளை மாற்றியது. அவருக்கே அந்த நிலை என்றால், தசைப்பிடிப்பில் மூன்று மாதம் உட்கார்ந்தால் உங்களுக்கு என்ன என்று தாளிலேயே இருக்க வேண்டும். நாலாவது, உங்கள் பெயர், பட்டப்பெயர், நீங்கள் போடுகிற சின்னம் யாருக்குச் சொந்தம். ஃபெடரர் 2018ல் நைக்கியை விட்டு யூனிக்லோவுக்குப் போனபோது ஆர்எஃப் என்ற அவருடைய சொந்த இனிஷியல் லோகோ நைக்கியிடமே தங்கிவிட்டது, 2020ல்தான் கைக்கு வந்தது. ராப் பாடுகிற நண்பருக்கு மேடைப் பெயர் இருக்கிறதல்லவா, இது அவருக்கும்தான். 18 வயது ஆகவில்லை என்றால் நீங்கள் போடுகிற கையெழுத்து செல்லாது, அப்பாவோ அம்மாவோ போட வேண்டும்.

வரி விஷயம் ஒன்று. சும்மா வந்த உடைக்கும் வரியா என்றால், ஆமாம். 2022 ஜூலை முதல், ஒரு நிறுவனம் ஒரு வருடத்தில் உங்களுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால் அந்த நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி, பிடித்துக் கட்ட வேண்டும். திருப்பிக் கொடுத்துவிடுகிற பொருளுக்கு இது கிடையாது. அதேபோல் சும்மா வந்ததைப் போட்டுப் பதிவு போட்டால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், பத்து ஹேஷ்டேகுக்கு நடுவில் ஒளித்து வைப்பது செல்லாது. நுகர்வோர் சட்டத்தில் ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறது, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. உங்களைத் தேடி யாரும் வரப்போவதில்லைதான், இருந்தாலும் பழகிக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே உங்களுக்கு வேண்டியது உபயம்தான், ஸ்பைக்ஸுக்கும் பயணத்துக்கும் காசு இல்லை என்றால், அதற்கு வேறு வாசல்கள் இருக்கின்றன, வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாடு சாம்பியன்ஸ் பவுண்டேஷன் 2023ல் வந்ததே இதற்குத்தான், ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பெரிய கம்பெனிகளில் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்புக்கு என்று ஒதுக்குகிற பணம் இருக்கிறது, கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி கொடுப்பதை அந்தக் கணக்கில் காட்டலாம், பெரும்பாலும் ஒரு அமைப்பு வழியாகத்தான் கொடுப்பார்கள், உங்கள் கிளப் மூலமாகப் போங்கள். ஆனால் அங்கே போய் "உங்கள் லோகோ போட்டு ஓடுகிறேன்" என்று சொல்லாதீர்கள். விளம்பர ஆதாயத்துக்காகச் செய்கிற ஸ்பான்சர்ஷிப்பை சிஎஸ்ஆர் கணக்கில் எழுத விதி இடம் கொடுக்காது, நீங்கள் சொன்ன அந்த வரியாலேயே ஃபைல் மூடிவிடும். ஒரே கட்டடத்தில் மார்க்கெட்டிங் ஒரு மாடி, சிஎஸ்ஆர் இன்னொரு மாடி, இரண்டுக்கும் ஒரே கடிதம் எடுபடாது.

மூன்றாவது சரக்கு என்றேனே. ஆறு வருடத்துக்கு முன்னால் ஈட்டி எறிகிற பெண் ஒருத்திக்கு நாலு டி-ஷர்ட் கொடுத்தோம், சும்மா கொடுத்ததுதான், பெரிய எதிர்பார்ப்பு இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்: "அண்ணா, வலது அக்குள் தையல் 20 த்ரோவுக்கு மேல் உரசித் தோல் சிவக்கிறது, துவைத்த பிறகு இன்னும் மோசம்." கூடவே தையலைக் கிட்டத்தில் எடுத்த படம். எங்கள் தையல் மாஸ்டர் முதலில் கோபப்பட்டார், அப்புறம் அந்த இடத்தில் மட்டும் ஃப்ளாட்லாக் என்கிற தட்டையான தையல் அடித்து இன்னொரு பீஸ் தைத்துக் கொடுத்தார். அது சரியாக வந்தது. இன்றைக்கு எங்கள் த்ரோ, வாலிபால் டி-ஷர்ட் எல்லாமே அந்தத் தையல்தான். அவளுக்கு மெடல் வராத வருடத்திலும் ஒப்பந்தம் மூன்று தடவை நீட்டினோம், இப்போது மாதம் ஒரு தொகையும் போகிறது. அவளுக்கு இன்ஸ்டாகிராமில் இன்றைக்கும் ஆயிரம் பேர் தாண்டவில்லை.

உங்கள் மெயிலை இப்படி மாற்றி எழுதி முதலில் எனக்கே அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். நண்பருடையதைத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள், இரண்டையும் ஒன்றில் போட்டுக் குழப்ப வேண்டாம். இருவரும் சைஸ் எழுதுங்கள், பிராண்டுக்கு பிராண்ட் எம் மாறும், அதனால் மார்புச் சுற்றளவு இஞ்சில்.